சின்ன ஊர் வங்கிகளின் பழைய டாலர் நோட்டுகள்: சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

இன்றைக்கு அமெரிக்காவில் எந்த ஊரில் வாங்கினாலும் டாலர் நோட்டு ஒரே மாதிரிதான் இருக்கும். 1935 வரை அப்படி இல்லை. மினசோட்டாவில் நார்த்ஃபீல்ட் என்றொரு சிறிய ஊர். அங்கிருந்த ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கி, தன் பெயரும் ஊரின் பெயரும் அச்சிட்ட நோட்டுகளைத் தன் கேஷியர், தலைவர் இருவரின் கையெழுத்தோடு புழக்கத்துக்கு விட்டது. 1876 செப்டம்பர் 7 அன்று ஜேம்ஸ்-யங்கர் கொள்ளைக் கூட்டம் புகுந்தது இந்த வங்கியில்தான். கேஷியர் பொறுப்பில் இருந்த ஜோசப் லீ ஹேவுட் பெட்டகத்தைத் திறக்க மறுத்தார், சுட்டுக் கொன்றார்கள். அந்த வங்கியின் நோட்டு ஒன்று ஏலத்துக்கு வந்தால் ஏன் கைகள் அத்தனை உயர்கின்றன என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

1863 முதல் 1935 வரை இப்படி 12,000-க்கும் மேற்பட்ட வங்கிகள் நோட்டு வெளியிட்டன. நேஷனல் பேங்க் நோட்டு என்பது முழுப்பெயர். சேகரிப்பவர்கள் சுருக்கமாக ‘நேஷனல்’ என்பார்கள். நாணயம் சேர்த்துப் பழகியவர்கள் இங்கே வரும்போது ஒரு பழக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். நாணயத்தில் முதலில் ஆண்டையும் பளபளப்பையும் பார்ப்போம். நேஷனலில் முதலில் பார்க்க வேண்டியது ஊர். கசங்கி, அழுக்கேறி, மூலை போன நோட்டாக இருந்தாலும், அந்த வங்கியின் நோட்டு உலகத்திலேயே மூன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்றால், மொடமொடப்பான சிகாகோ நோட்டைவிடப் பல மடங்கு விலை போகும். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முதலில், இந்த நோட்டு எப்படிப் பிறந்தது

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. வங்கி ஒன்று மத்திய அரசின் கடன் பத்திரங்களை வாங்கி, கருவூலத்தில் ஈடாக வைக்க வேண்டும். பத்திர மதிப்பில் 90 விழுக்காடு வரைக்கும் அரசு அதற்கு நோட்டு கொடுக்கும். அரசுக்குப் போர்ச் செலவுக்குப் பணம் கிடைத்தது. வங்கிக்குத் தன் பெயரில் நோட்டு கிடைத்தது. அதற்குமுன் மாநில அனுமதி பெற்ற வங்கிகள் ஆளாளுக்கு அடித்துவந்த நோட்டுகளுக்கு 10 விழுக்காடு வரி போட்டு அவற்றை ஒழித்துக்கட்டினார்கள். அந்தப் பழைய மாநில வங்கி நோட்டுகளும் சேகரிக்கத் தக்கவையே. ஆனால் அது வேறு துறை, வேறு விலை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வொரு வங்கிக்கும் அரசு ஒரு வரிசை எண் கொடுத்தது. அதுதான் சார்ட்டர் எண். ஃபிலடெல்ஃபியாவின் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கிக்கு 1. ஐயோவாவின் டாவென்போர்ட் வங்கிக்கு 15 என்றாலும், 1863 ஜூன் 29 அன்று முதன்முதலில் கதவைத் திறந்தது அதுதான். 1935-ல் முடியும்போது எண்கள் 14,000-ஐத் தாண்டியிருந்தன. ஒரே பெயரில் ஒரே ஊரில் இரண்டு வங்கிகள் வந்துபோயிருக்கலாம். சார்ட்டர் எண் குழப்பாது. எதைத் தேடுவதானாலும் எண்ணை வைத்துத் தேடுங்கள்.

சிற்றூர்களுக்கு உண்மையில் கதவு திறந்தது 1900-ல். அதுவரை குறைந்தபட்ச மூலதனம் 50,000 டாலர். 3,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அது 25,000 ஆகக் குறைக்கப்பட்டது. பத்திரத்தின் முழு முகமதிப்புக்கும் நோட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஆயிற்று. தானியக் கிடங்கும் ரயில் நிலையமும் மட்டுமே இருந்த ஊர்களில்கூட வங்கிகள் முளைத்தன.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25,000 டாலர் மூலதனம் உள்ள வங்கி, அதில் கால் பங்குக்கு மட்டும், அதாவது 6,250 டாலருக்கு மட்டும் பத்திரம் வைத்து நோட்டு வாங்கும். பல சிற்றூர் வங்கிகள் இவ்வளவோடு நின்றுவிட்டன. அக்காலத்தில் ஒரு தாளில் நான்கு நோட்டுகள் அச்சாகும். பெரும்பாலும் மூன்று பத்து டாலர், ஒரு இருபது டாலர். தாளுக்கு 50 டாலர் என்றால், 6,250 டாலருக்கு 125 தாள். மொத்தம் 500 நோட்டு. ஒரு நேரத்தில் அந்த வங்கியின் பெயரைச் சுமந்து வெளியே திரிந்தவை அவ்வளவுதான். கிழிந்தது திரும்பி வரும், அழிப்பார்கள், புதியது போகும். 1935-ல் பத்திரங்களையே அரசு திரும்பப் பெற்றுக்கொண்டபோது எல்லாமே திரும்பி வரத் தொடங்கின. ஆக, யாரோ ஒருவர் பெட்டியில் மறந்து வைத்தது, மடித்துப் புத்தகத்துக்குள் செருகியது, வங்கித் தலைவரின் குடும்பம் நினைவுக்காக எடுத்து வைத்தது, இவை மட்டும்தான் இன்று நம் கைக்கு வருகின்றன.

இரண்டாவது, நோட்டை வாசிக்கப் பழகுங்கள்

வாங்குமுன் ஒரு மாதமாவது படங்களைப் பார்த்து வாசித்துப் பழக வேண்டும். பெரிய ஏல நிறுவனங்கள் பழைய ஏலங்களின் படத்தையும் முடிந்த விலையையும் இணையத்தில் வைத்திருக்கின்றன. பதிவு செய்துகொண்டால் காசு கொடுக்காமல் பார்க்கலாம். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

உதாரணத்துக்கு 1902 வரிசையில் ஒரு பத்து டாலரை எடுத்துக்கொள்வோம். இன்றைய நோட்டைவிட நன்றாகவே பெரியது: ஏழரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம், மூன்று அங்குலத்துக்கு மேல் அகலம். குதிரைப் போர்வை என்று கேலியாகச் சொல்வார்கள். இடப்பக்கம் சுட்டுக் கொல்லப்பட்ட குடியரசுத் தலைவர் மெக்கின்லியின் படம். நடுவில் வங்கியின் பெயர், ஊர், மாநிலம். இருபக்கமும் தடித்த எழுத்தில் சார்ட்டர் எண். மேலே கருவூல அதிகாரிகள் இருவரின் அச்சிட்ட கையெழுத்து. கீழே இடப்பக்கம் கேஷியர், வலப்பக்கம் வங்கித் தலைவர். இந்த இரண்டு கையெழுத்தும் வங்கியிலேயே போடப்பட்டவை. பேனாவால் எழுதியிருப்பார்கள், அல்லது ரப்பர் முத்திரை குத்தியிருப்பார்கள். வெட்டாத தாள்களாகத்தான் வாஷிங்டனிலிருந்து வரும். கையெழுத்துப் போட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, கல்லாவில் வைப்பார்கள். அதனால்தான் பல நோட்டுகளின் ஓரம் கோணல்மாணலாக இருக்கிறது. அது குறையல்ல, யாரோ ஒரு கேஷியரின் அவசரம்.

மேலே உள்ள அதிகாரிகளின் கையெழுத்தையும் விட்டுவிடாதீர்கள். கருவூலப் பதிவாளராக இருந்த பிளான்ச் கே. புரூஸ் அடிமையாகப் பிறந்தவர். அமெரிக்கப் பணத்தில் கையெழுத்து இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அவருக்குப் பின் லயன்ஸ், வெர்னன், நேப்பியர் என்று மூன்று கறுப்பினத்தவர்கள் அதே பதவியில் இருந்தார்கள். இந்த நால்வரின் கையெழுத்துக்காகவே நோட்டு சேர்ப்பவர்கள் உண்டு.

சரி, புதியவர்கள் தவறாமல் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது: தேதி. நோட்டில் 1905 என்று போட்டிருந்தால் அது 1905-ல் அச்சானது என்று பொருளில்லை. வங்கி தொடங்கிய தேதி, அல்லது அதன் 20 ஆண்டு உரிமம் நீட்டிக்கப்பட்ட தேதியை ஒட்டியது அது. 1905 என்று தேதியிட்ட நோட்டு 1927-ல் அச்சாகியிருக்கலாம். நோட்டின் வடிவத்தைத் தீர்மானித்ததும் இந்த உரிமக் கணக்குதான். அதனால் ஒரே தெருவில் இரண்டு வங்கிகள் ஒரே நாளில் இரண்டு வேறு வடிவ நோட்டுகளைக் கொடுத்துக்கொண்டிருக்க முடியும்.

வடிவங்களைப் பொறுத்தவரை, முதல் காலகட்ட நோட்டுகள் அழகோ அழகு. இரண்டு டாலரில் 2 என்ற எண் நீட்டிப் படுத்திருக்கும். ‘சோம்பேறி இரண்டு’ என்றே அதற்குப் பெயர். விலை கேட்டால் நமக்குத்தான் படுக்கத் தோன்றும். 1882 வரிசையின் பிரவுன் பேக் நோட்டில், பின்பக்கப் பழுப்பு நிறப் பின்னலுக்கு நடுவே சார்ட்டர் எண் பச்சையில் பெரிதாக நிற்கும். என் கண்ணுக்கு அமெரிக்கா அடித்த பணத்திலேயே அழகான பின்பக்கம் அதுதான். 1902 வரிசையில் சிவப்பு முத்திரை உள்ளவை அரியவை. நீல முத்திரை போட்ட, பின்பக்கத்தில் ஆண்டு அச்சிடாத ‘பிளெயின் பேக்’ நோட்டுகள்தான் பரவலாகக் கிடைப்பவை. கடைசியாக 1929 வரிசை, இன்றைய நோட்டின் அளவில், பழுப்பு முத்திரையோடு.

இந்த 1929 வரிசையில் இரண்டு வகை. டைப் 1-ல் சார்ட்டர் எண் கறுப்பில் மட்டும் இருக்கும். தொடர் எண்ணின் முன்னும் பின்னும் எழுத்து வரும். 1933-ல் வந்த டைப் 2-ல் சார்ட்டர் எண் பழுப்பிலும் கூடுதலாக அச்சாகியிருக்கும்; தொடர் எண்ணின் முன்னால் மட்டும் எழுத்து. பொதுவாக டைப் 2 குறைவாகக் கிடைக்கும். 1933 மார்ச்சில் நாட்டின் எல்லா வங்கிகளையும் மூடித் திறந்தார்கள். திவாலானவற்றின் இடத்தில் புதிதாக வந்த சில வங்கிகள், பழைய பெயரில் ‘ஆஃப்’ என்று இருந்ததை ‘இன்’ என்று மட்டும் மாற்றிக்கொண்டன. ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க் ஆஃப் இன்ன ஊர் என்பது ஒரு வங்கி; இன் இன்ன ஊர் என்பது வேறு வங்கி, வேறு சார்ட்டர். இந்த இரண்டெழுத்து வித்தியாசத்தை விற்பவரே கவனிக்காத நேரங்களில் நல்ல வேட்டை கிடைக்கும்.

மூன்றாவது, எல்லை போட்டுக்கொள்ளுங்கள்

12,000 வங்கிகளையும் யாராலும் சேர்க்க முடியாது. ஒரு எல்லை வேண்டும். பெரும்பாலோர் தாங்கள் வாழும் ஊர் அல்லது மாவட்டத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் வசிக்கிறவர் என்றால் நானும் அதையே சொல்வேன். வாரக் கடைசியில் காரை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பழைய வங்கிக் கட்டடம் இன்று பீட்சா கடையாக இருப்பதைப் பார்த்துவிட்டு வரலாம். சிலர் மாநிலத்துக்கு ஒரு நோட்டு என்று போகிறார்கள். கேட்க எளிதாக இருக்கும். பென்சில்வேனியா, நியூயார்க், ஒஹையோ நோட்டுகள் மலிந்து கிடக்கும். ஆனால் அலாஸ்கா, அரிசோனா, நெவாடா வந்ததும் மூச்சு வாங்கும். வேடிக்கையான ஊர்ப் பெயர்கள், கொள்ளை நடந்த வங்கிகள், பெண்கள் கையெழுத்திட்ட நோட்டுகள் என்று கருப்பொருள் வைத்தும் சேர்க்கலாம். கணவர் இறந்தபின் மனைவி வங்கித் தலைவரானது, மகள் கேஷியரானது எல்லாம் சிற்றூர்களில் நடந்ததுதான்.

நான்காவது, எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு சார்ட்டர் எண்ணுக்கும் இன்றுவரை எத்தனை நோட்டுகள் கண்ணில் பட்டிருக்கின்றன என்று சேகரிப்பாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். 1961-ல் தொடங்கிய சொசைட்டி ஆஃப் பேப்பர் மணி கலெக்டர்ஸ் அமைப்பில் உறுப்பினராகச் சேருங்கள். சந்தா பெரிய தொகையல்ல. வங்கிகளின் வரலாறும் அதிகாரிகளின் பெயர்களும் அங்கே தொகுக்கப்பட்டு வருகின்றன.

கணக்கைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். பெரிய அளவு நோட்டு எத்தனை, சிறிய அளவு எத்தனை? இரண்டையும் சேர்த்து ‘20 தெரிந்தவை’ என்பார்கள். பிரித்துப் பார்த்தால் சிறியது 19, பெரியது 1 என்றிருக்கும். அப்புறம், அதே ஊரில் வேறு வங்கிகள் இருந்தனவா? ஓர் ஊருக்கு ஒரே வங்கி என்றால் அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அந்த ஒரு நோட்டுக்குத்தான் போட்டி போடுவார்கள். அரிதான நோட்டாக இருந்தாலும் அதைத் தேட ஆளில்லாவிட்டால் விலை ஏறாது. கணக்கு நிலையானதும் அல்ல. பழைய வீட்டுப் பரணிலிருந்து ஒரு கட்டு வெளிவந்தால் மூன்று முப்பதாகிவிடும். அதனால் ‘ஒன்றே ஒன்று’ என்ற சொல்லுக்குப் பெரும் பணம் கொடுக்கத் தொடக்கத்தில் அவசரப்பட வேண்டாம்.

ஐந்தாவது, முதல் நோட்டை வாங்குவது

1929 வரிசையில் பத்து அல்லது இருபது டாலர், பரவலாகக் கிடைக்கும் ஒரு வங்கியுடையது. முதல் நோட்டுக்கு அது போதும். நன்றாகப் புழங்கியது என்றால் நூறு டாலர் அளவிலேயே அமையும். அடுத்து அதே வங்கியின் 1902 பிளெயின் பேக். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வங்கியின் கதை கைக்குள் வந்துவிடும்.

என் முதல் நோட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்காட்சியில், பழுப்பு முத்திரை, 1929, மேலே ‘நேஷனல் கரன்சி’ என்று கொட்டை எழுத்து. விற்றவர் அதை நேஷனல் என்றே சொன்னார். நேஷனல் விலையும் கேட்டார். வாங்கி வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால், சார்ட்டர் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை எழுத்து: ஜி. வங்கியின் பெயர், ஃபெடரல் ரிசர்வ் பேங்க் ஆஃப் சிகாகோ. 1933 நெருக்கடியில் அவசரத்துக்கு அதே அச்சுத் தாளைப் பயன்படுத்தி, அமெரிக்காவின் மத்திய வங்கி அமைப்பான ஃபெடரல் ரிசர்வின் பன்னிரண்டு வங்கிகளின் பெயரில் அடித்த நோட்டு அது. வேறு இனம், ஏராளமாகக் கிடைப்பது. எண் இருக்கிறதா, எழுத்து இருக்கிறதா என்று அரை நொடி பார்த்திருந்தால் பணம் மிச்சமாகியிருக்கும். இன்றும் அதை வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டத்தான்.

ஏலத்தில் கேட்கும்போது, முடிந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று 20 விழுக்காடு அளவுக்குச் சேர்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே கழித்துக்கொண்டு உச்சவரம்பு வையுங்கள். தாளில் எழுதி மேசையில் வைத்துவிடுவது நல்லது. ஏலத்தின் சூட்டில் நம் மனம் நம் பேச்சைக் கேட்காது.

ஆறாவது, நிலையும் ஏமாற்றும்

பிஎம்ஜி போன்ற தரநிர்ணய நிறுவனங்கள் நோட்டுக்கு 70-க்குள் ஒரு மதிப்பெண் போட்டு உறையில் அடைத்துத் தருகின்றன. 20 முதல் 35 வரை ‘வெரி ஃபைன்’. நேஷனலுக்கு அது நல்ல தரம்தான். 12 என்று இருந்தால்கூட முகம் சுளிக்காதீர்கள். மதிப்பெண்ணைவிட, உறையின் பின்பக்கத்தில் உள்ள குறிப்பைப் படியுங்கள். ஒட்டுப்போட்டது, கழுவியது, ஓரம் வெட்டியது, ஊசித்துளை என்றெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும்.

பெரிய நோட்டுகளில் கையெழுத்து தெளிவாக இருந்தால் விலை கூடும். மை மங்கிப் போயிருப்பது சகஜம். ஆகவே சிலர் அதன்மேல் புதிதாக எழுதி ‘உயிர்’ கொடுத்துவிடுவார்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழைய மை நாரோடு கலந்து சற்றுப் பழுப்பாகியிருக்கும். அழுக்கின் மேலும் மடிப்பின் மேலும் சீராக ஓடுகிற கருகரு கோடு இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள். 1929 நோட்டுகளில் வங்கியின் பெயர், கையெழுத்து எல்லாம் பொது வடிவத்தின்மேல் பிறகு கறுப்பில் அச்சிட்டவை. மலிவான நோட்டின் கறுப்பெழுத்தைச் சுரண்டி அரிய ஊரின் பெயரை அச்சிடும் வேலையும் நடந்திருக்கிறது. எழுத்துகளுக்கு அடியில் தாள் மெலிந்து தெரிகிறதா என்று விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விலை கூடிய எதையும் தரநிர்ணய உறை இல்லாமல் வாங்க வேண்டாம்.

மஞ்சளித்த, தொட்டால் படபடக்கும் தாளில் 1840 என்று தேதியிட்ட ஆயிரம் டாலர் நோட்டு, பேங்க் ஆஃப் தி யுனைட்டட் ஸ்டேட்ஸ், எண் 8894 என்று யாராவது காட்டினால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள். நினைவுப் பொருளாக விற்ற நகல் அது. அதே எண்ணில்தான் எல்லோரிடமும் இருக்கிறது.

ஏழாவது, வைப்பது

மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். பிவிசி கலந்த மெத்தென்ற உறைகள் காலப்போக்கில் நோட்டில் பிசுபிசுப்பை ஏற்றிவிடும். இஸ்திரி போடாதீர்கள், கழுவாதீர்கள், செலோடேப் பக்கமே போகாதீர்கள். ஈரமும் வெயிலும் ஆகாது. வங்கிப் பெட்டகத்தில் வைத்தாலும் அதன் உள்ளடக்கத்துக்கு வங்கி காப்பீடு தருவதில்லை. தனியாக எடுக்க வேண்டும்.

வாங்கிய பிறகு

நேஷனல் வங்கிகளை மேற்பார்வையிடும் அரசு அதிகாரியான கரன்சி கட்டுப்பாட்டாளரின் பழைய ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு வங்கிக்கும் தலைவர், கேஷியர், புழக்கத்தில் இருந்த நோட்டின் தொகை எல்லாம் அச்சாகியிருக்கின்றன. செயின்ட் லூயி ஃபெடரல் ரிசர்வ் வங்கி அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் நோட்டில் உள்ள கிறுக்கலான கையெழுத்து யாருடையது என்று அங்கே ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். அந்தப் பெயரை உள்ளூர்ச் செய்தித்தாள் தொகுப்பில் போட்டால், அவர் பசு மாடு வாங்கியது முதல் வங்கி மூழ்கியது வரை வந்து விழும். ஐயோவாவின் ஓகபோஜியில் நேஷனல் நோட்டுகளுக்கென்றே ஹிக்கின்ஸ் அருங்காட்சியகத்தை அமைத்தார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள், இப்போதும் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு நோட்டோடும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்: வாங்கிய நாள், கொடுத்த விலை, விற்பதானால் யாரிடம் கேட்க வேண்டும். இந்த நோட்டுகள் இன்றும் சட்டப்படி செல்லும். நமக்குப் பின் வீட்டில் யாராவது அலமாரியை ஒழிக்கும்போது, பழைய பத்து டாலர்தானே என்று பக்கத்து வங்கியில் கொண்டுபோய்க் கட்டினால், அவர்களும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு கணக்கில் பத்து டாலர் வரவு வைப்பார்கள்.